கோசலையின் ஒன்பதாம் பக்கம்

என் கடையின் பின்பக்கத்தில், பயணப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் சுவரோரம் ஒரு சின்ன மேசை கிடக்கிறது. அது கோசலையின் ராச்சியம். கடை என்னுடையது, வாடகைப் பத்திரம் என் பெயரில், வெளிப்பலகையில் இருக்கிற பெயர் என் மகளுடையது. ஆனால் பரிஸில் லா ஷப்பல் மெத்ரோவில் இறங்கி யாரையாவது கேட்டுப் பாருங்கள், "பூகம்ப அக்காவின்ரை கடையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். பத்தொன்பது வருடமாக ரெலிபோன் அட்டையும் விமான ரிக்கெற்றும் விற்கிற என்னை, அக்காவுக்கு ஃபோட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கிற ஆள் என்று நினைக்கிறவர்களும் உண்டு. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல்தான். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

கோசலைக்கு ஐம்பத்துமூன்று வயது. விடிய முன்னமே எழும்பி லா பிளேன் பக்கத்து அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறாள். மத்தியானத்துக்குப் பிறகு என் கடைக்கு வந்து, தலையில் கட்டிய துணியை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருப்பாள். அதற்குப் பிறகு அவள் வேறு ஆள். விசா, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பத்திரம், காப்புறுதிக் கடிதம் எதுவானாலும் நிரப்பிக் கொடுப்பாள். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வீட்டுக் கடதாசிதான்.

பிரான்சில் வீடு விற்கிறவர், அந்த நிலத்துக்கு என்னென்ன ஆபத்து உண்டென்று எழுதின ஒரு கட்டுக் கடதாசியை வாங்குகிறவரிடம் கொடுக்கவேண்டும். அது சட்டம். வெள்ளம் வருமா, களிமண் காய்ந்து சுருங்குமா, அடியில் பழைய சுரங்கம் இருக்கிறதா, பூமி அதிருமா என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கள் ஆட்கள் அதை வாங்கி, சமையலறைக்கு என்ன நிறம் பூசலாம் என்று யோசித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைப்பார்கள். கோசலையின் மேசைக்கு வந்தால் அது நடக்காது. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் வாசிப்பாள், பிறகு தமிழில் சொல்வாள். அதோடு விடமாட்டாள். "இப்ப நீங்கள் சொல்லுங்கோ, உங்கடை சொல்லிலை" என்பாள். வந்தவர் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னதைச் சொன்னபடியே பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். பிறகு நான் கொப்பி எடுக்கவேண்டும்; ஒன்று அவர்களுக்கு, ஒன்று அவர்கள் பெயரில் அவள் வைத்திருக்கிற மட்டைக்குள். பதினொரு பக்கமென்றால் பதினொரு பக்கமும் இப்படித்தான் போகும். பின்னால் நிற்கிறவர்கள் என் பெட்டிகளில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விடுவார்கள்.

முதல் பக்கத்தில் பூமியதிர்ச்சி வரும். அதற்கு ஐந்து படி உண்டு. பரிஸும் அதைச் சுற்றியிருக்கிற ஊர்களும் ஒன்றாம் படி, மிகக் குறைவு. கோசலை அதையும் விடாமல், "பூமியதிர்ச்சி: ஒன்று, மிகக் குறைவு" என்று நிறுத்தி வாசிப்பாள். அந்த இடத்தில் சிரிக்காத ஆளை நான் கண்டதில்லை. "அக்கா, பரிஸிலை பூமியதிர்ச்சியோ?" என்பார்கள். நானும் சும்மா இருக்கமாட்டேன். பாலத்தில் மெத்ரோ போகும்போது என் கடையில் பெட்டிகள் லேசாக ஆடும். அந்த நேரம் பார்த்து, "கோசலை, வந்திட்டுது!" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்து, அடுத்த வரிக்குப் போவாள். பதினொரு வருடமாக ஒரே பகிடி. நான் அலுக்கவில்லை.

அவள் ஏன் சிரிப்பதில்லை என்று எனக்குத் தெரியும், அதுதான் என் பிழை. ஒருமுறை மட்டும் சொன்னாள். அவளுடைய தமக்கை முல்லைத்தீவுக் கரையில் கல்வீடு கட்டிக் குடியிருந்தவள். எங்கேயோ சுமாத்திராவில் பூமி அதிர்ந்ததற்கு அங்கே கடல் வந்து தமக்கையையும் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது. "கடல் வருமெண்டு அங்கை ஆரும் ஒரு கடதாசி குடுக்கேல்லை, அண்ணை. குடுத்திருந்தால் அவ வாசிச்சிருப்பா. அவ எல்லாம் வாசிப்பா" என்றாள். அதைக் கேட்டபிறகும் நான் அந்தப் பகிடியை விடவில்லை. மனிதன் இப்படித்தான் இருக்கிறான்.

நிலத்தைப் பற்றி அவளுக்குப் படிப்பித்தது எலோடி என்கிற பிரெஞ்சுப் பெண். கோசலை கூட்டித் துடைத்த அலுவலகங்களில் ஒன்று மண் பரிசோதனை செய்கிற இடம். எலோடி அங்கே புதிதாகச் சேர்ந்த எஞ்சினியர். ஒருநாள் கூட்டம் நடக்கும் அறையில் மேசையைத் துடைக்கும்போது ஒரு பெரிய வரைபடம் விரித்தபடி கிடந்தது. கோசலை அதில் தான் குடியிருக்கிற லா கூர்னெவ் எங்கே என்று தேடியிருக்கிறாள். பிறகு, தெரிந்தவர்கள் வீடு வாங்கத் தொடங்கியிருந்த பியர்ஃபித் பக்கம் விரலைக் கொண்டுபோனாள். அங்கே சில தெருக்களுக்கு மேல் கோடு கோடாகப் போட்டிருந்தது. இது என்ன என்று கேட்டாள். அந்தப் பிள்ளை சலிக்காமல் ஒரு சீனிக்கட்டியை எடுத்துக் கோப்பியில் நனைத்துக் காட்டியதாம். நிலத்துக்கடியில் ஜிப்சம் என்றொரு கல் இருக்கிறது, தண்ணீர் பட்டால் இப்படித்தான் கரையும், மெதுவாகக் கரையும், பிறகு ஒருநாள் மேலே இருக்கிறது கீழே போகும்.

அந்தக் கோடு போட்ட தெருக்களில்தான் எங்கள் சனம் பெருகிக்கொண்டிருந்தது. பத்து வருடத்துக்கு முன் ஒரு அறைக்கு அலைந்தவர்கள், தோட்டம் வைத்த வீடு வாங்கி, பின்னால் ஒரு அறை கூட்டிக் கட்டி, தம்பி குடும்பத்தையும் பக்கத்துத் தெருவுக்குக் கூப்பிட்டார்கள். நிலத்தின் ஆபத்துத் திட்டத்தை மாற்றுகிறோம், கருத்துச் சொல்லலாம் என்று நகரசபையில் ஒரு மாதம் வரைபடங்களும் கருத்து எழுத ஒரு கொப்பியும் வைத்திருந்தபோது, அங்கே போன ஒரே தமிழாள் கோசலை. அந்த ஊரில் அவளுக்கு ஒரு முழம் நிலம் கிடையாது. "இதை வாசிக்கத் தெரியாதவர்களும் இந்த நிலத்தில் வீடு வாங்குகிறார்கள்" என்று பிரெஞ்சில் எழுதிவிட்டு வந்தாள். மினக்கெட்ட வேலை என்று நான் சொன்னேன்.

இனித் தவரத்தினம், எங்களுக்குத் தவம். உணவகச் சமையல்காரன், நாற்பத்தேழு வயது, மூன்று பிள்ளைகள். இருபது வருடத்துக்கு முன் அவனுக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்தது நான். அதை அவன் ஒருநாளும் மறக்கவில்லை, நானும் அவனை மறக்க விடவில்லை. அவனும் மனைவி சிவாஜினியும் பியர்ஃபித்தில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தபோது, கோசலையின் மேசையில் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைக்கப்பட்டார்கள். கோவில் தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள். கடை முழுக்கச் சனம். நான் கல்லாவில் நின்றபடி அரைகுறையாகக் கேட்டேன். வீடு நல்லது, வாங்கலாம், ஆனால் கோடு போட்ட தெரு, அதனால் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறதைக் கவனமாகச் செய்யவேண்டும் என்று கோசலை சொல்லிக்கொண்டிருந்தாள். தவம் தலையாட்டினான். பிறகு என்ன சொன்னான் என்பது என் காதில் விழவில்லை. ஒரு கொழும்பு ரிக்கெற் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்து பின்வளவைப் பார்க்கப் போனோம். சின்ன வளவு. பயித்தங்காய்ப் பந்தலும் நாலு கத்தரியும் வைத்திருந்தான், வாடிப்போயிருந்தன. கூரைப் பீலியிலிருந்து ஒரு குழாய் சுவர் மூலையால் இறங்கி நேரே சாக்கடைக்குப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் ஆறில்லாத ஊர்க்காரர். மழைத்தண்ணீரை வளவுக்குள் மறித்து நிலத்துக்கு விட்டால்தான் கிணற்றில் நல்ல தண்ணீர் நிற்கும் என்பதைப் பால் குடிக்கிற வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். வானத்திலிருந்து சும்மா வருகிறதைச் சாக்கடைக்கு விடுகிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டேன்.

தவம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா என்னவோ சொன்னவா என்று மெல்ல இழுத்தான். "அக்காவுக்குக் கடதாசி தெரியும். எனக்குத் தண்ணி தெரியும்" என்றேன் நான். முதல் வேலை எடுத்துக் கொடுத்த அண்ணை, தன் வீட்டில் சாப்பிட்டு எழும்பின கையோடு ஒன்றைச் சொன்னால், அதை மறுத்துப் பேசுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அன்று பின்னேரமே மூலையில் நெஞ்சளவு கிடங்கு வெட்டி, உடைந்த செங்கல் போட்டு நிரப்பினோம். குழாயை அறுத்துக் கிடங்குக்குள் திருப்பினோம். குழாயறுக்கிற வாளைப் பிடித்து அறுத்தது நான். வேர்த்து விறுவிறுத்து நின்றபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

பயித்தங்காய் காய்த்துக் கொட்டியது. தவம் பை பையாகக் கடைக்குக் கொண்டுவந்து தந்தான். கோசலையும் கொண்டுபோய்க் கறி வைத்தாள், நல்ல இளம் காய் என்று சொன்னாள். இரண்டு மாரி போனது. இரண்டும் அடைமழை.

போன பங்குனியில், ஒரு புதன்கிழமை, தவம் சமையல் உடுப்போடு கடைக்குள் வந்தான். முகம் இருண்டிருந்தது. கோசலையின் மேசைக்கு நேரே போய்த் தொலைபேசியை நீட்டினான். பின்னறைச் சுவரில், யன்னல் மூலையிலிருந்து நிலம்வரை ஒரு வெடிப்பு. அதற்குள் ஒரு விரல் போயிருக்கிற படமும் இருந்தது. யன்னல் பூட்டுதில்லை என்றான். அந்த அறையில்தான் மூன்று பிள்ளைகளும் படுக்கிறார்கள். பிறகு, ஏழெட்டுப் பேர் நிற்க, சத்தமாகவே சொன்னான்: "நீங்கள் வாங்கலாம் எண்டு சொல்லித்தானே அக்கா வாங்கினனாங்கள்."

கோசலை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை மட்டைகள் அடுக்கின தட்டுக்குப் போனது, பிறகு திரும்பி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டை வந்து பார்க்கலாமா, அதுவரை பிள்ளைகளை முன்னறையில் படுக்க விடுவீர்களா என்று மட்டும் கேட்டாள். தவம் தலையாட்டிவிட்டுப் போனான். அவள் துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, காத்திருந்தவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு வெளியே போனாள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மேசை வெறுமையாகக் கிடந்தது.

நானோ? அந்த வெடிப்பு எந்த மூலையில் என்பது படத்தைக் கண்ட உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துத் தெருவில் பார வண்டிகள் ஓடுகின்றன, அதனால் இருக்கும் என்று எனக்கே சொன்னேன். பழைய வீடு, வெடிக்கத்தான் செய்யும் என்றும் சொன்னேன். "என்ன, பூகம்ப அக்கா வாங்கச் சொன்ன வீடே ஆட்டம் கண்டிட்டுதாம்" என்று ஒருவன் கடைக்குள் நின்று சிரித்தபோது, அவனுக்கு மிச்சக் காசைக் கொடுத்து அனுப்பினேன். வெட்கம் கெட்ட வேலை. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை என் காரில்தான் போனோம். வழியெல்லாம் கோசலை மடியில் மட்டையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டுக்குள் போய் வெடிப்பைப் பார்த்தாள், தொடவில்லை. பிறகு பின்கதவால் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூலைவரை நடந்தாள். அங்கே நின்றாள். அறுத்த குழாயைப் பார்த்தாள். அது இறங்குகிற இடத்தில் செங்கல் ஒரு சாண் தாழ்ந்து, கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது.

"இதை ஆர் செய்தது?" என்று கேட்டாள்.

"நான்தான் அக்கா" என்றான் தவம். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருடக் கடனை அந்த ஒரு சொல்லில் தீர்க்கப் பார்த்தான். அந்த நேரம் சிவாஜினி கதவடியில் நின்று என்னைப் பார்த்தாள். கிடங்கு வெட்டின அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தவள், வாள் யார் கையில் இருந்ததென்று அவளுக்குத் தெரியும். இதற்குமேல் என்னால் ஏலவில்லை.

"அவனில்லை. நான் சொல்லி, நான் அறுத்தது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திருப்பிச் சொன்னேன்.

கோசலை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பதினொரு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. "ஏச்சுப் பிறகு, அண்ணை. முதல் குழாய்" என்றாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தவமும் நானும் பக்கத்துச் சாமான் கடைக்கு ஓடிக் குழாய்த் துண்டும் மூட்டும் வாங்கிவந்து, மழை விழ முன்னம் பழையபடி சாக்கடையோடு பொருத்தினோம். கிடங்குக்கு மேல் தகரம் போட்டு மூடினோம். அதற்குள் கோசலை பின்னறைக் கதவைப் பூட்டித் திறப்பைச் சிவாஜினியின் கையில் கொடுத்திருந்தாள். மறுநாள் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒருவர் வந்து பார்த்து, பின்பக்கத்தைப் பாவிக்கவேண்டாம், முன்பக்கத்தில் இருக்கலாம், மண்ணைச் சோதித்துவிட்டு முடிவு செய்வோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கோசலை எலோடிக்கும் எடுத்தாள். எலோடி இப்போது அந்த அலுவலகத்தில் பெரிய ஆள். ஆனாலும் கோசலையின் குரலைக் கேட்டதும் தானே வருகிறேன் என்றாளாம்.

மூன்று கிழமை காத்திருந்தோம்; கோசலை மேசைப் பக்கம் வரவேயில்லை. அடியில் வெறுமை இருக்கிறதென்று தெரிந்தால் அந்த ஐந்து பேரும் வீட்டைவிட்டு எழும்பவேண்டும். சிவாஜினி பிள்ளைகளின் உடுப்பை இரண்டு பெட்டியில் கட்டிக் கதவடியில் வைத்திருந்தாள். என் கடையில் விற்ற பெட்டிகள்.

சித்திரை மாதம் ஒரு காலையில், சங்கிலிச் சக்கரத்தில் ஊர்கிற சின்ன இயந்திரம் ஒன்றைப் பக்கத்து ஒழுங்கையால் பின்வளவுக்குக் கொண்டுவந்தார்கள். அது ஒரு நீளக் கம்பியைச் சுற்றிச் சுற்றி நிலத்துக்குள் இறக்கும். மண் இறுக்கமென்றால் கம்பி முக்கி முக்கி இறங்கும், வெறுமையென்றால் சும்மா விழும் என்று கோசலை எங்களுக்குச் சொன்னாள். எலோடி ஒரு திரையைப் பார்த்தபடி நின்றாள். முதல் துளை வீட்டின் முன்பக்கம், இரண்டாவது பக்கச் சுவரோரம். இரண்டிலும் கம்பி பதினைந்து மீற்றர்வரை முக்கியபடிதான் போனது. அந்த முக்கல் சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்குமென்று யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

மூன்றாவது துளை கிடங்கு மூலையில். இயந்திரம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சத்தம் சட்டென்று இளகியது. கம்பி கிடுகிடுவென்று இறங்கியது. தவம் என் முழங்கையைப் பிடித்தான். சிவாஜினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோசலை மட்டும் கண்ணை எடுக்காமல் கம்பியைப் பார்த்தபடி, உதட்டுக்குள் மீற்றர் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று. ஒன்றரை. இரண்டு. இரண்டரையில் இயந்திரம் ஒருமுறை குலுங்கிப் பழையபடி முக்கத் தொடங்கியது. பிறகு அடிவரை முக்கிக்கொண்டே போனது.

எலோடி திரையிலிருந்து தலையெடுக்கவே கனநேரம் ஆனதுபோல இருந்தது. பிறகு கோசலையிடம் பிரெஞ்சில் சொன்னாள், கோசலை எங்களுக்குத் தமிழில் சொன்னாள். மேல்மண் இரண்டரை மீற்றர் ஊறிக் கழுவுப்பட்டிருக்கிறது, அதனால்தான் மூலை இறங்கிச் சுவர் வெடித்தது. அதற்குக் கீழே இறுக்கம். ஜிப்சம்வரை தண்ணீர் இன்னும் போகவில்லை. வெறுமை இல்லை. மூலையைப் பலப்படுத்தவேண்டும், வெடிப்பில் ஒரு அளவுகோல் ஒட்டி ஒரு வருடம் பார்க்கவேண்டும். வீட்டில் இருக்கலாம். இன்னும் நாலைந்து மாரி இப்படியே விட்டிருந்தால் சொல்வதற்கு வேறு கதை இருந்திருக்கும்.

"வீட்டிலை இருக்கலாமோ?" என்று சிவாஜினி கேட்டாள்.

"ஓம் பிள்ளை. இருக்கலாம்" என்றாள் கோசலை.

சிவாஜினி அப்படியே சமையலறைக்குள் போய்விட்டாள். அழுகிற சத்தமும் கோப்பைகள் எடுக்கிற சத்தமும் ஒன்றாகக் கேட்டது. தவம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தான், இரண்டையும் ஒரே தடவையில். நான் படியில் இருந்துவிட்டேன். பக்கத்தில் கோசலையும் இருந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கனநேரம் துடைத்தாள். எவ்வளவு பெரிய பாரம் இறங்கினதென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது, என்னுடையதும் அவளுடையதும். எலோடி தேத்தண்ணீர் குடித்து, அதில் சீனி கூடிப்போனது என்று சிரித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை கோசலை மேசைக்கு வந்தாள். வழக்கம்போலத் துணியை அவிழ்த்து மடித்தாள், கண்ணாடியைப் போட்டாள். செய்தி ஏற்கெனவே தெருவெல்லாம் ஓடியிருந்தபடியால் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவள் அவர்களைக் கூப்பிடவில்லை. "அண்ணை, வாங்கோ. இதிலை இருங்கோ" என்றாள்.

ஏச்சு வரப்போகிறது என்று தெரியும். கல்லாவை விட்டு வந்து, வாங்குகிறவர்கள் இருக்கிற கதிரையில் இருந்தேன். அந்தப் பக்கமிருந்து என் கடையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் தவத்தின் மட்டையைத் திறந்து ஒன்பதாம் பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "கூரைத் தண்ணி குழாயாலை சாக்கடைக்குத்தான் போகவேணும். நிலத்துக்கை விடக்கூடாது. விட்டால் கீழை கரையும். விளங்கிட்டுது அக்கா." கீழே திகதி. தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள்.

அந்தப் புதன்கிழமை, அத்தனை பேர் நிற்கத் தவம் அவளைக் குற்றம் சொன்னபோது, இந்தக் கடதாசி அவளுடைய கைக்கெட்டின தூரத்தில் இருந்திருக்கிறது. கை தட்டுவரை போய்த் திரும்பி வந்ததை நானே கண்டேன். ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காட்டியிருந்தால் எனக்கு நல்ல பேர். தவம் வெக்கப்பட்டுப்போய் என்னை வளவுக்கை விட்டிருக்கமாட்டார். பிள்ளையள் அந்த அறையிலைதான் படுத்திருக்குங்கள்" என்றாள். பிறகு, பிழை தன்னிலும் இருக்கிறது என்றாள். வாசித்துக் காட்டினால் காணும் என்று நினைத்தாளாம், முதல் மாரி கழிய ஒருமுறை போய்ப் பார்த்திருக்கவேண்டும். இனிமேல் ஒவ்வொரு வீட்டுக்கும் போகப்போகிறாளாம். என் காரில்தான் என்று சொல்லத் தேவையில்லை.

பென்சிலைச் சீவிக்கொண்டு, "வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன். "இப்ப சொல்லுங்கோ, உங்கடை சொல்லிலை." ஆறு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தண்ணியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைச்சனான்" என்றேன். "இந்த நிலத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. தெரியாமல் ஒருத்தனுக்குப் புத்தி சொன்னனான்." அவள் தவத்தின் வரிகளுக்குக் கீழே ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். திகதியும் போட்டாள்.

அதோடு முடிந்ததென்று எழும்பினேன்.

"எங்கை எழும்புறியள்?" என்றாள். "ஒண்டாம் பக்கத்திலையிருந்து."

பின்னால் யாரோ இருமினார்கள். நான் திரும்பவும் இருந்து, முதல் பக்கத்தை எடுத்தேன். "பூமியதிர்ச்சி: ஒன்று, மிகக் குறைவு" என்று நிறுத்தி வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பாலத்தில் மெத்ரோ போனது. பெட்டிகள் லேசாக ஆடின. நான் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு பக்கத்தையே பார்த்தேன்.

"அண்ணை, வந்திட்டுது" என்றாள் கோசலை.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் பென்சிலைப் பிடித்தபடி, எங்கள் சிரிப்பு அடங்குவதற்காகக் காத்திருந்தாள்.